பட்டியலில் இல்லாத கார்

காரின் முன்பக்கத்திலிருந்து வரும் சத்தத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி செய்துகாட்டுவார்கள். சீன ஆன்டிகள் நாக்கை அண்ணத்தில் தட்டி "கொக், கொக்" என்பார்கள். மலாய்க்காரப் பெரியவர்கள் விரல் முட்டியால் கவுண்டரைத் தட்டிக் காட்டுவார்கள். நம்மவர்களுக்கு அது போதாது. தோளைக் குலுக்கி, கழுத்தை ஆட்டி, கண்ணையும் மூடித் திறந்து, "பள்ளத்துல எறங்குனா டொக்குனு ஒரு சத்தம் வருதும்மா, நெஞ்சுலயே இடிக்குது" என்பார்கள். நான் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் கேட்டுவிட்டு, கணினியில் 'முன்பக்கம் சத்தம்' என்று தட்டிச் சாவியை வாங்கிக்கொள்வேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் எனக்குக் கவுண்டர் வேலை. சாவி வாங்குவது, சாவி கொடுப்பது, இடையில் திட்டு வாங்குவது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைப் பற்றி ஒன்றும் தெரியாத பெண் என்று யாரும் எனக்கு இரக்கப்பட வேண்டாம். நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிழைக்கிற நான், ஒரு காரின் சக்கரம் சாய்ந்ததற்கு என் ராசிதான் காரணம் என்று சில மாதங்கள் உள்ளுக்குள் நம்பினேன். எழுதும்போதே காது சூடாகிறது.

அந்தக் கார் என் மாமனாருடையது. கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் கம்பெனி விற்கிற மாடல்தான், ஆனால் பழையது. வெள்ளை நிறம், பின்கண்ணாடியில் முருகன் வேல். எங்கள் பேச்சில் கார் என்றால் காடி; வீட்டில் அதற்கு 'ராசியான காடி' என்று பெயர். அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர்கள், அங்கிருந்து மருமகளாகப் போனவர்கள், எல்லோரும் அதில்தான் ஏறினார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். என்னைப் பெண் பார்க்கக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தபோதே, எங்கள் அடுக்குமாடி வீட்டு ஜன்னல் வழியாக மாமனார் கீழே நின்ற காரைக் கை காட்டினார்.

"நீயும் இதுலதாம்மா நம்ம வீட்டுக்கு வருவ" என்றார்.

என் அம்மா எட்டிப் பார்த்துப் பூரித்துப் போனாள். எங்களிடம் எப்போதும் கார் இருந்ததில்லை. எனக்கும் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்காகவே மாமனார் அந்தக் காரின் அடிப்பாகத்தைப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் கழற்றிவிட்டு, முன்சக்கரம் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் பாகங்களைக் கம்பெனிச் சரக்காக வாங்கி மாற்றினார். "ஒரிஜினல் பார்ட்டும்மா, தைரியமா ஒக்காரலாம்" என்று என்னிடமே சொன்னார். கவுண்டரில் வேலை பார்க்கும் மருமகளுக்கு இது புரியும் என்ற சந்தோஷம் அவருக்கு.

பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் தாலி கட்டி, வாழையிலைச் சாப்பாடு முடித்து, கிள்ளானுக்குப் புறப்பட்டோம். ராகு காலம் பிறப்பதற்குள் நான் அந்த வீட்டுக்குள் வலது காலை வைத்தாக வேண்டும். மணப்பெண் வரும்போது மாமனார்தான் ஓட்டுவார், சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டார். அவருக்குப் பக்கத்தில் என் நாத்தனார், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பின்னால் மாலையும் கழுத்துமாக நானும் என் கணவரும்.

ஃபெடரல் ஹைவேயில் ஒரு பாலத்து இணைப்பில் ஏறி இறங்கியபோது கேட்டது. டொக். நாத்தனார் தலையைத் திருப்பி, "அப்பா, என்னமோ சத்தம்" என்றாள். "பின்னாடி பூஜைச் சாமான் உருளுது" என்றார் மாமனார். எனக்குத் தெரியும், பூஜைச் சாமான் அப்படி உருளாது. ஆனால் தாலி ஏறிய அரை நாளில், மாமனாரிடம் பேசுகிற முதல் பேச்சாக அவர் காரில் குறை சொல்கிற மருமகள் உண்டா? நான் மாலையைச் சரி செய்துகொண்டேன்.

மாமனார் வீடு இருக்கும் தாமான் குடியிருப்புக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வேகத்தடை. கார் மெதுவாக ஏறி இறங்கியது. பெரிய சத்தம், பிறகு தார் ரோட்டில் இரும்பு உராயும் சத்தம். முன்பக்கம் வலது மூலை அப்படியே உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் காலை அகட்டிக்கொண்டு வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அங்கிருந்து பார்த்தால் மாமனார் வீட்டு கேட் தெரிந்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் எங்களைப் பார்த்துவிட்டார்கள்.

"நேரம் போகுது, நடந்து வந்துருங்க" என்று யாரோ கத்தினார்கள். வெயிலில் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தாமானில் இருந்தவர்களெல்லாம் கேட்டுக்கு வந்து நின்று பார்த்தார்கள். ஒரு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்போம், ஓடிவந்து எனக்குக் குடை பிடித்து, "காசிஹான் பெங்ஙான்தின்" என்று பரிதாபப்பட்டார். மணப்பெண் பாவமாம். அந்தப் பரிதாபம்தான் அன்று எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை, ஆனாலும் அது என்னைக் கூசவைத்தது. வாசலை அடைந்தபோது ராகு காலம் பிறந்துவிட்டது.

மாமனாரின் அக்காவை எல்லோரும் பெரியத்தை என்பார்கள். அவர் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இந்தக் காடில எத்தன பொண்ணு வந்திருக்கு. இன்ன வரைக்கும் ஒண்ணும் ஆனதில்லையே."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு என்னை உச்சியிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். கார் ராசியானது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படியென்றால் மிச்சம் இருப்பது யார்? ஹைவேயில் வேகமாக வந்தபோது சாயாமல் வீட்டு முனையில் வந்து சாய்ந்ததே, இந்தப் பெண்ணின் ராசி எவ்வளவு நல்ல ராசி என்றும் சொல்லியிருக்கலாம். அது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

அதன் பிறகு யாரும் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கொடுத்திருப்பேன், எனக்கு வாய் உண்டு. அவர்கள் அன்பாக நடந்துகொண்டார்கள். கொழுந்தனார் புது மோட்டார் சைக்கிள் வாங்கியபோது, "நீ உள்ள ரெஸ்ட் எடும்மா, வெயிலா இருக்கு" என்றார் மாமியார். எங்காவது கிளம்பினால் எல்லோரும் ஏறிய பிறகுதான் எனக்கு இடம் இருக்கும். நான் ஏறுகிற நாளில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருக்கும், மற்ற நாளில் இருக்காது. பழம் நசுங்குகிற சத்தம் மெல்லியது, ஆனால் எனக்கு அது கேட்கும்.

மெல்ல மெல்ல எனக்குள்ளும் அது இறங்கியது. வேலையிடத்தில் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கையில் தராமல் கவுண்டர்மேல் வைக்க ஆரம்பித்தேன். என் கை பட்ட சாவியால் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்? டிப்ளோமா படித்தவள், கம்பெனி டை கட்டிக்கொண்டு நிற்பவள், இப்படி நினைத்தேன். பக்கத்தில் இருக்கிற சீனப் பெண் ஏன் என்று கேட்டபோது கை வேர்க்கிறது என்று சொன்னேன்.

சில மாதங்களில் ரீகால் வந்தது. எங்கள் மாடலில் குறிப்பிட்ட சில வருடங்களில் செய்த கார்களைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை போன்ற இரும்பும், அதன் முனையில் கிண்ணத்துக்குள் உருண்டை மாதிரி இருக்கும் பால் ஜாயிண்டும் சீக்கிரத்திலேயே கழன்று விடுகிறதாம். இலவசமாக மாற்றித் தருவார்கள். அறிவிப்பில் இருந்த படத்தைப் பார்த்தேன். காலை அகட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்த ஒரு சக்கரம். கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. என்னை யாரோ விடுதலை செய்தது போல இருந்தது.

அன்று சாயங்காலம் கிள்ளானுக்குப் போகும் கம்யூட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனாரிடம் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்ம காடி அதுல இருக்கா, பாரும்மா" என்றார்.

மறுநாள் ஆபீஸில் காரின் சேசிஸ் நம்பரைத் தட்டினேன். 'பாதிப்பு இல்லை' என்று வந்தது. திரும்பத் தட்டினேன். பாதிப்பு இல்லை. கார் பழையது, அதன் வருடம் பட்டியலில் இல்லை. ஆனால் கல்யாணத்துக்காக அவர் வாங்கி மாட்டிய பாகங்கள் புதியவை. கோளாறான அதே சரக்கிலிருந்து வந்தவையாக இருக்கலாம். கணினி சேசிஸ் நம்பரைப் பார்க்கும், காருக்கு அடியில் என்ன மாட்டியிருக்கிறது என்று குனிந்து பார்க்குமா? சூப்பர்வைசரிடம் சொன்னேன். "சிஸ்டத்துல இல்லன்னா இல்ல லா. எல்லாப் பழைய காடிக்கும் மாத்திக் கொடுக்க முடியுமா?" என்றார். புதுக் காரில் உடைந்தால் கோளாறு, பழைய காரில் உடைந்தால் தேய்மானம். அப்படித்தான் எங்களுக்குப் பேசச் சொல்லித் தந்திருந்தார்கள். நானும் அப்படித்தான் பேசினேன். இழுவை லோரியில் காரை ஏற்றிக்கொண்டு வந்து நின்ற ஒரு பெரியவரிடம்கூட, "உங்க வண்டி லிஸ்ட்ல இல்ல அங்கிள்" என்று சிரித்த முகத்தோடு சொன்னேன்.

வீட்டில் போய் உள்ளதைச் சொன்னேன். பட்டியலில் இல்லை என்ற முதல் பாதிதான் அவர்கள் காதில் விழுந்தது. மற்றதை நான் விளக்க விளக்க, அது நான் தப்பித்துக்கொள்ளச் சொல்கிற கதை மாதிரி எனக்கே கேட்டது. மாமியார் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்.

"காடில குத்தம் இல்லன்னு ஒன் ஆபீஸே சொல்லிருச்சு. விடும்மா. நாங்க ஒண்ணும் சொல்லலயே."

இப்படியாக, நான் சம்பளம் வாங்கும் கம்பெனியே நான் ராசியில்லாதவள் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த வருடம் நாத்தனாருக்குக் கல்யாணம் முடிவானது. கோலாலம்பூரில் மண்டபம். ராசியான காரில்தான் அவளும் போக வேண்டும், மாமனார்தான் ஓட்டுவார். உடைந்த வலது பக்கத்துக்குப் பழைய சாமான் கடையிலிருந்து வேறு பாகம் வாங்கிப் போட்டிருந்தார்கள். இடது பக்கம் அப்படியே இருந்தது. என் கல்யாணத்துக்காக வலது பக்கத்தோடு சேர்த்து வாங்கி மாட்டிய பாகம். பாசாருக்கும் கோயிலுக்கும் மட்டுமே ஓடிக்கொண்டிருந்ததால் இதுவரை தாங்கியிருந்தது. இப்போது கிள்ளானிலிருந்து ஹைவே முழுக்க ஓடப் போகிறது.

கணவரிடம் சொன்னேன். அவர் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாமனார் முகம் வாடினாலும் காரை எடுத்துக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்குப் போனார். அங்கே அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, பாகம் புதிதாகத்தான் இருக்கிறது, "போலே பாக்காய்", இன்னும் ஓடும் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் சென்டரில் அந்தப் பாகம் கேட்டேன். வருகிற சரக்கெல்லாம் ரீகால் கார்களுக்கே சரியாக இருந்தது, பட்டியலில் இல்லாதவர்கள் காத்திருக்க வேண்டும். மாமியாரிடம் அடுப்படியில் ஒரு தடவை பேச்செடுத்தேன்.

"கல்யாண வீட்டுல இப்டிப் பேசாதம்மா" என்றார். "ஒன் வாயால அது வேணாம்."

கடைசியாக நாத்தனாரிடமே போனேன். கைக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் என்னிடம் வித்தியாசம் பார்க்காதவள் அவள் ஒருத்திதான். தன் புது ஸ்கூட்டரில் முதல் ரவுண்டு என்னைத்தான் ஏற்றிப் போனாள், அம்மா முறைக்க முறைக்க. நான் இடது சக்கரத்தைப் பற்றி விளக்கினேன். அவள் பாதியிலேயே என் கன்னத்தை மருதாணி காய்ந்த கையால் தொட்டாள்.

"அண்ணி, நீங்க அதையே நெனைச்சுக்கிட்டு இருக்காதீங்க. எனக்கு இந்த ராசி கீசியெல்லாம் நம்பிக்க இல்ல. அப்பா ஆசைப்படறாரு, ஒரு நாள்தானே."

நான் இரும்பைப் பற்றிப் பேசினேன், அவள் ராசியைப் பற்றிப் பதில் சொன்னாள். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

கல்யாணத்தன்று காலை வாசலில் உறுமி மேளக்காரர்கள் மேளத்தைத் தட்டிச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூ சுற்றிய காரை மாமனார் போர்ச்சிலிருந்து பின்னால் எடுத்தார். கால்வாய் மூடியைத் தாண்டியபோது முன்சக்கரம் இறங்கியது. டொக். இடது பக்கம்தான். மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கு அது தெளிவாகக் கேட்டது, கவுண்டருக்கு வருகிறவர்கள் உடம்பைக் குலுக்கிச் செய்துகாட்டும் அதே சத்தம். பின் சீட்டில் புதுத் துண்டு விரித்து, அதன்மேல் மல்லிகைப் பூ போட்டிருந்தார்கள். மணப்பெண் முதலில் ஏற வேண்டும், அவளுக்கு முன் யாரும் அதைத் தொடக்கூடாது. என்னைச் சீர்த்தட்டுகளோடு வேனில் வரச் சொல்லியிருந்தார்கள்.

இன்னொரு தடவை சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? நாத்தனார் அலங்காரத்தோடு வாசற்படியில் வந்து நின்றாள். நான் கையிலிருந்த தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தேன். போய்க் கார்க் கதவைத் திறந்தேன். அந்தத் துண்டின்மேல், அந்தப் பூவின்மேல், நன்றாக நடுவில் உட்கார்ந்தேன்.

மேளம் நின்றது.

"என்னம்மா பண்ற? எறங்கு" என்றார் மாமியார்.

"தல சுத்துது அத்தை. கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு எறங்கிடறேன்."

என் வாழ்நாளில் அவ்வளவு மோசமாக நான் நடித்ததில்லை. பெரியத்தை இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். "வேணும்னே பண்றா, வேணும்னே பண்றா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். என் கணவர் கதவுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தார். முன் சீட்டில் மாமனார் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முதல் நாள் சாயங்காலம் முழுக்க அந்தக் காரை அவர் கையாலேயே கழுவித் துடைத்திருந்தார்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கொழுந்தனாரின் நண்பன் ஒருவனுடைய கார் வந்தது. பூவை இதிலிருந்து அவிழ்த்து அதில் கட்டலாம் என்று ஒருவர் சொல்ல, வேண்டாம், அந்தப் பூ வேண்டாம் என்று பெரியத்தை தடுத்தார். மாமியார் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார். மகளை அனுப்புகிற நாளில் அந்த அழுகையை நான் கொடுத்தேன். பூ இல்லாத அந்தக் காரில் நாத்தனார் ஏறினாள். கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னும் பழைய காரிலேயே உட்கார்ந்திருந்தேன், மல்லிகை எனக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வீடு திரும்பும்போது கணவர் கேட்டார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே."

அவரும் அதை ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் குரலில் இருந்த அலுப்பு இன்றுவரை முழுதாகப் போகவில்லை. அப்பா அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நின்று களைத்துப் போன மனிதர் அவர்.

மாமனார் அந்தக் காரை அதன் பிறகு ஓட்டவில்லை. தார்பாலின் போட்டுப் போர்ச்சில் மூடி வைத்தார். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். இதையும் சொல்லிவிடுகிறேன்: நின்ற இடத்திலேயே அந்த இடது சக்கரம் ஒரு நாள் தானாகச் சாய்ந்து கிடக்காதா என்று தார்பாலினுக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு ஆசையான பொருள் உடைய வேண்டும் என்று, நான் சொன்னது சரி என்று காட்டுவதற்காக மட்டும் ஆசைப்பட்டேன். அது சாயவில்லை. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது போர்ச் காலியாக இருந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக மாமனார் சொன்னார். வேறு யார் கையிலும் கொடுக்க மனசு வரலம்மா என்றார். அந்தப் பாகம் உடைந்திருக்குமா, ஹைவேயைத் தாங்கியிருக்குமா என்று இனி எனக்கு ஒருக்காலும் தெரியாது. சத்தத்துக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

கவுண்டரில் இப்போது பழைய கார்க்காரர்கள் வந்தால், லிஸ்டில் இல்லை என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்கிறேன். "அந்த பார்ட்ட சமீபத்துல மாத்துனீங்களா அங்கிள்? மாத்தியிருந்தா ரெண்டு பக்கமும் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க." சூப்பர்வைசர் இதற்காக இரண்டொரு தடவை கூப்பிட்டுப் பேசிவிட்டார். சிலர் கேட்கிறார்கள், பலர் பரவாயில்லை லா என்று சாவியை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நாத்தனாருக்கு ஆண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்தது கிள்ளான் வீட்டில்தான். ஹாலில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். குழந்தை மடி மடியாகப் போய்க்கொண்டிருந்தது. சந்தனம் தடவிய மொட்டைத் தலை, கண்ணை அகலத் திறந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். நாத்தனாரே அவனைத் தூக்கி ஒவ்வொருவரிடமாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். என் முறை வந்ததும் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் நின்றாள். குழந்தையைத் தோளோடு கொஞ்சம் சேர்த்துப் பிடித்தாள். என்னைப் பார்த்து அன்பாகத்தான் சிரித்தாள்.

"தூங்கப் போறான் அண்ணி. அப்புறம் தூக்கிக்கிங்க."

அவன் முழித்துக்கொண்டுதான் இருந்தான். அடுத்து உட்கார்ந்திருந்த சின்னம்மாவின் மடியில் அவனை வைத்துவிட்டு, அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ராசியில் நம்பிக்கை இல்லாத ஒரே பெண்ணுக்கு அந்த நம்பிக்கையை ஊட்டியது நான்தான், ஊரைக் கூட்டி, மேளத்தை நிறுத்தி. நான் காரில் ஏறி உட்கார்ந்ததால் தப்பித்தோம் என்று அவளுக்குத் தெரியாது. நான் உட்கார்ந்த காரில் ஏறாததால் தப்பித்தோம் என்றுதான் அவள் நினைக்கிறாள். எழுந்து போய் அடுப்படியில் அவளிடம் சொல்லலாம். பால் ஜாயிண்ட், சேசிஸ் நம்பர், ஒரே சரக்கு என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளும் பொறுமையாகக் கேட்பாள்.

நீட்டிய கையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதை அப்படியே மடக்கிக்கொள்ள வெட்கமாக இருந்தது. எதிரே இருந்த தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டேன், அதற்காகத்தான் கையை நீட்டினேன் என்பது போல.